கொம்புத் தேனும் கடிவாளமும்

பழமொழிகள் ஓர் இனத்தின் பட்டறிவுச் சேமிப்பு என்பர். அச்சேமிப்பில் பொற்காசும் உண்டு. செல்லாக் காசும் உண்டு. செல்லாக் காசு என்று நான் காலங்கடந்து உணர்ந்துகொண்ட ஒரு பழமொழியிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்குகிறேன்.

சிம்பாங் பூலாய் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் நான் பணியாற்றிய காலம். வகுப்பறைப் பலகணி வழியே நோக்கினால் சுண்ணாம்புக்கல் மலைகள் வெண்மையும் பசுமையுமாய் எழுந்து நிற்கும். அன்று பழமொழி விளக்கம். 'முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்டாற்போல' என்று கரும்பலகையில் எழுதி, தகுதிக்கு மீறியதை ஒருவன் விரும்பலாகாது என்று பொருள் உரைத்தேன். வகுப்பு சிரித்தது. சிரித்தவர்களின் கண்கள் முன்வரிசையின் ஓரத்திற்குச் சென்றபோதுதான் என் பிழை எனக்கு விளங்கிற்று. அங்கே இரு கால்களும் இயங்காத மாணவன் ஒருவன் அமர்ந்திருந்தான். நாள்தோறும் அவனுடைய தந்தையார் அவனைத் தோளில் தூக்கிவந்து இருக்கையில் அமர்த்திவிட்டு, மலையடிவாரத்தில் கல்லுடைக்கும் வேலைக்குச் செல்வார்.

பிழையை மறைக்க எண்ணி, "தம்பி, ஆசைப்படுவதில் தவறில்லை. ஏறத் தெரிந்தவர் யாரேனும் தேனைப் பறித்துக் கொடுப்பார்கள்" என்றேன். அவன் சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு, "தேன் வேண்டாம் ஐயா. கொம்பில் உட்கார்ந்து பார்க்கத்தான் ஆசை" என்றான்.

அச்சொல்லுக்கு அன்று என்னிடம் விடை இல்லை. பல ஆண்டுகளுக்குப் பின்னர், உடற்பேறு குறைந்த குழந்தைகளையும் பெரியவர்களையும் குதிரை மீதேற்றிப் பயிற்சியளிக்கும் முறையைப் பற்றிப் படிக்க நேர்ந்தபோது, அம்மாணவனின் குரல் மீண்டும் என் செவியில் ஒலித்தது. நாம் பிறருக்கு உதவுகிறோம் என்கிறோம். அவ்வுதவி தேனைப் பறித்துக் கொடுப்பதா? கொம்பில் ஏறி அமர வழி செய்வதா? இரண்டும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குதிரை என்னும் விலங்கு தமிழருக்குப் புதியதன்று. கடல் வழியே வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை காட்டுகிறது. மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்குக் காரி என்றும், வல்வில் ஓரியின் குதிரைக்கு ஓரி என்றும் தலைவர்களின் பெயர்களே வழங்கின. நரி பரியான கதையை மணிவாசகர் வரலாற்றில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தமிழகத்து ஊர் எல்லைகளில் ஐயனாரின் சுடுமண் குதிரைகள் நிற்கின்றன. இந்நாட்டுத் தோட்டங்களில் நம் முன்னோர் எழுப்பிய முனீசுவரர் கோயில்களிலும் வெள்ளைக் குதிரைகளைக் காணலாம். இவை அனைத்திலும் குதிரைமேல் இருப்பவர் அரசர், வள்ளல், அல்லது தெய்வம். கீழே நிற்பவரே நாம்.

தோட்ட வாழ்வில் இவ்வுண்மை இன்னும் கூர்மையானது. மேற்பார்வைக்கு வரும் வெள்ளைத் துரை குதிரை மேல் வருவார். பால்மரம் வெட்டுபவர் வாளியும் கத்தியுமாய் ஒதுங்கி நிற்பார். துரையின் குதிரை இருந்த இடம் லாயம். நம் மக்கள் இருந்த வீட்டு வரிசைக்கு லயம் என்று பெயர். இடையே ஒரு நெட்டெழுத்தின் வேறுபாடுதான். சில வேளைகளில் லாயத்தில் காற்றும் வெளிச்சமும் மிகுதி. பின்னாளில் ஈப்போ நகரத்துப் பந்தயத் திடல் வழியாகவும் நம்மவர் குதிரையை அறிந்தனர். அந்த அறிமுகத்தால் சம்பளப் பணத்தை இழந்த குடும்பங்களும் உண்டு. ஆக, குதிரை என்றால் ஒன்று அதிகாரம், இல்லையேல் சூதாட்டம் என்பதே நம் நினைவில் படிந்த எண்ணம்.

அதே தோட்டத்தில், இருள் பிரியுமுன் பெற்றோர் பெரட்டுக்குச் சென்ற பிறகு, நடக்க இயலாத குழந்தை ஆயாக் கொட்டகையின் ஒரு மூலையில் பாயில் கிடக்கும். வளர்ந்த பின் லயத்துத் திண்ணையே அதன் உலகம். அன்பு இல்லாமல் இல்லை; சோறூட்டுவர், குளிப்பாட்டுவர், திருவிழாவுக்குத் தூக்கிச் செல்வர். ஆனால் எங்கே செல்ல வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்பதை அக்குழந்தை ஒருநாளும் தீர்மானித்ததில்லை. அது சுமக்கப்பட்டது, செலுத்தவில்லை.

இனி, குதிரைப் பயிற்சியில் நடப்பது என்ன என்று நோக்குவோம். குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்னும் பின்னும், வலமும் இடமும் அசைவதோடு, சற்றே சுழலவும் செய்கிறது. மேலே அமர்ந்தவரின் இடுப்பெலும்பு அம்மூவகை அசைவையும் அப்படியே பெறுகிறது. வியப்பு யாதெனில், மனிதர் நடக்கும்போது இடுப்பு அசையும் முறையும் இதுவேயாகும். நடந்தறியாத குழந்தையின் உடலுக்கு நடையின் தாளத்தைக் குதிரை கற்றுத் தருகிறது. நிமிடத்திற்கு ஏறத்தாழ 100 அசைவுகள் எனக் கொண்டால், அரை மணி நேரத்தில் 3000 அசைவுகள். ஒவ்வோர் அசைவிலும் விழாமலிருக்க உடல் தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறது. இத்தனை முறை சலிப்பின்றிச் செய்விக்க எந்த இயன்முறை மருத்துவரின் கையாலும் ஆகாது. மேலும், குதிரையின் உடல் வெப்பம் ஏறத்தாழ 38 பாகை. நம் உடலினும் சற்று மிகுதி. மூளை முடக்குவாதத்தால் இறுகிய தொடைத் தசைகள் அவ்விளஞ்சூட்டில் நெகிழ்கின்றன.

இதனைக் கண்கட்டு வித்தையாகக் கருதிவிடலாகாது. குதிரை எந்நோயையும் குணப்படுத்துவதில்லை. அமரும் நிலை, உடற் சமநிலை, பெருந்தசை இயக்கம் ஆகியவற்றில் முன்னேற்றம் காணப்படுகிறது என்பதே ஆய்வாளர் கூறுவது. அம்முன்னேற்றமும் ஆளுக்கு ஆள் வேறுபடும். கட்டுக்கடங்காத வலிப்பு உடையோரும், கழுத்தெலும்பின் மேற்கணு நிலையற்றிருக்கும் டவுன் நோய்க்குறிக் குழந்தைகளும், எளிதில் முறியும் எலும்புடையோரும் குதிரை ஏறலாகாது. மருத்துவர் ஒப்புதலின்றி எவரையும் ஏற்றுவது அறமன்று.

ஆயினும் உடலுக்குக் கிட்டும் பயனைவிடப் பெரிதாக ஒன்று அங்கே நிகழ்கிறது. அதை விளங்கிக்கொள்ள டென்மார்க் நாட்டு லிஸ் ஹார்டெல் அம்மையாரின் வரலாறு உதவும். தேர்ந்த குதிரை வீராங்கனையான அவரை 1944 ஆம் ஆண்டில், கருவுற்றிருந்தபோது, இளம்பிள்ளை வாதம் தாக்கியது. முழங்காலுக்குக் கீழே உணர்வும் இயக்கமும் திரும்பவே இல்லை. அவர் குதிரையை விடவில்லை. பிறர் தூக்கி அமர்த்த, உடலின் எடையையும் முதுகின் அசைவையும் கொண்டே குதிரைக்குக் குறிப்புணர்த்தப் பழகினார். குதிரையை நுண்குறிப்புகளால் நடத்திக் காட்டும் ஒலிம்பிக் போட்டி, அதுவரை படை அதிகாரிகளான ஆடவர்க்கே உரியதாக இருந்தது. 1952 ஆம் ஆண்டு ஹெல்சிங்கியில் முதன்முறையாகப் பெண்களும் அதில் ஏற்கப்பட்டனர். ஆடவரோடு ஒரே களத்தில் நின்று லிஸ் ஹார்டெல் வெள்ளிப் பதக்கம் வென்றார். பரிசு மேடையில் ஏற அவருக்குக் கைகொடுத்தவர், தங்கம் வென்ற சுவீடன் நாட்டு வீரர் ஹென்றி செயின்ட் சிர். 1956 ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோமில் அம்மையார் மீண்டும் வெள்ளி வென்றார்.

இந்நிகழ்ச்சியில் ஒரு நுட்பம் உண்டு. குதிரையேறவும் அவருக்குத் துணை வேண்டியிருந்தது. மேடையேறவும் துணை வேண்டியிருந்தது. ஆனால் களத்தின் நடுவே, கடிவாளம் அவர் கையில் இருந்தது. துணை பெற்றதனால் அவ்வெற்றி எள்ளளவும் குறையவில்லை. துணை வேண்டாதிருப்பதுதான் விடுதலை என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அவ்வாறன்று, துணையோடும் தன் வழியைத் தானே தேர்வதே விடுதலை.

அவருடைய வெற்றி மேலை நாடுகளில் பலருக்கு வழிகாட்டியது. இங்கிலாந்தில் 1969 ஆம் ஆண்டில் உடற்பேறு குறைந்தோர் குதிரையேற்றச் சங்கம் அமைந்தது. நமக்கு அண்டை நாடாகிய சிங்கப்பூரில் 1982 ஆம் ஆண்டில் இதையொத்த சங்கம் ஒன்று தோன்றி, கட்டணமின்றிப் பயிற்சி அளித்து வந்துள்ளது. சிங்கப்பூரில் பிறந்த லாரென்ஷியா டான் மூளை முடக்குவாதமும் கேளாமையும் உடையவர். இளமையிலேயே இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்த அவர், உடற்பயிற்சியாகவே குதிரை ஏறத் தொடங்கினார். 2008 ஆம் ஆண்டு பெய்ஜிங் பாராலிம்பிக்கில் இரு வெண்கலப் பதக்கங்கள் பெற்றார். அவ்விளையாட்டில் சிங்கப்பூருக்குக் கிட்டிய முதற் பதக்கங்கள் அவையே. 2012 ஆம் ஆண்டு இலண்டனில், இசைக்கேற்பக் குதிரையை நடத்தும் போட்டியில் வெள்ளி வென்றார். இசையைக் கேளாதவர் இசையோடு இயைந்தார் என்பது நம் அளவுகோல்களை நாமே ஐயுறச் செய்கிறதன்றோ?

பதக்கம் எல்லார்க்கும் வாய்ப்பதன்று, வாய்க்கவும் வேண்டியதில்லை. பதக்கம் பெற்றவரை மட்டும் போற்றுவதும் ஒருவகைக் கொடுமையே. என் மனத்தைக் கவர்வது பயிற்சித் திடலின் அன்றாடக் காட்சி. குதிரையின் தலைப்பக்கம் ஒருவர் அதனை நடத்திச் செல்கிறார். இருபுறமும் இருவர் உடன் நடக்கின்றனர். தொடக்கத்தில் அவர்களுடைய கைகள் குழந்தையின் தொடை மீது அணையாக இருக்கும். குழந்தையின் முதுகு நிமிர நிமிர அக்கைகள் மெல்ல விலகும். விலகினாலும் கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்கும். ஒருநாள் தலைப்பக்கம் நடந்தவரும் கயிற்றைத் தளர்த்திவிட்டு, 'நீ நிறுத்து. நீ திருப்பு' என்று குழந்தையிடம் கூறுவார். 500 கிலோ எடையுள்ள ஓர் உயிர் அச்சிறு கையின் குறிப்புக்கு நிற்கிறது. அதுவரை தன் உடலையே தன்னால் ஆள முடியாது என்று கேட்டு வளர்ந்த குழந்தை, முதன்முறையாகத் தன் சொல்லுக்கு உலகில் விளைவு உண்டு என்று அறிகிறது.

இன்னொன்றும் உண்டு. சக்கர நாற்காலியில் இருப்பவர் வாழ்நாள் முழுதும் பிறரை அண்ணாந்தே பார்க்கிறார். நடுத்தரக் குதிரையின் தோள் உயரம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். அதன்மேல் அமர்ந்தவரை நாம் அண்ணாந்து பார்க்க வேண்டியவர்களாகிறோம். இரக்கம் மேலிருந்து கீழ் நோக்குவது. மதிப்பு நேர்நோக்கிப் பார்ப்பது. குதிரையின் உயரம் அரை மணி நேரமாவது நம் பார்வையின் திசையை மாற்றிவிடுகிறது. கொம்பில் உட்கார்ந்து பார்க்க ஆசைப்பட்ட அம்மாணவன் கேட்டது இதுவே என்று இப்போது எனக்குப் படுகிறது.

திருவள்ளுவர் ஒப்புரவறிதலை 22 ஆம் அதிகாரமாகவும் ஈகையை 23 ஆம் அதிகாரமாகவும் வைத்தார். ஈகை, இல்லாதவர்க்கு இருப்பவர் கொடுப்பது, அது நன்றே. ஆனால் அதற்கு முன்னே நிற்கும் ஒப்புரவு, உலகத்தோடு ஒத்து வாழ்வோர் ஒருவருக்கொருவர் ஆற்றும் கடமை. அங்கே மேல் கீழ் இல்லை. உடற்பேறு குறைந்தோர்க்கு நாம் செய்வனவற்றை ஈகைக் கணக்கிலேயே எழுதி வந்துள்ளோம். அவற்றை ஒப்புரவுக் கணக்கிற்கு மாற்ற வேண்டும்.

ஆள்வினையுடைமை அதிகாரத்தில் பொறியின்மையைப் பற்றிய குறள் ஒன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. பொறி என்பதற்கு விதி என்று பரிமேலழகர் பொருள் கொண்டார். உடலுறுப்பு என்று கொள்வாரும் உளர். எப்பொருள் கொள்ளினும், அது இல்லாமை பழியன்று, முயலாமையே பழி என்பது குறளின் கருத்து. இதனை நாம் மாணவர்க்கு ஊக்கவுரையாகக் கற்பிக்கிறோம். ஆனால் ஒரு வினா எஞ்சுகிறது. முயல்வதற்கு ஏணியே வைக்கப்படாத ஒருவர் முயலவில்லை என்றால், பழி யாரைச் சாரும்? ஏறும் மேடை கட்டாதவரைச் சாரும். படிக்கட்டு மட்டும் கட்டிய பள்ளியைச் சாரும். பழமொழி கூறிச் சிரிக்கவைத்த ஆசிரியரையும் சாரும். வள்ளுவர் முயற்சியைக் கேட்டார். முயற்சிக்கு இடந்தருதல் சமுதாயத்தின் கடமையன்றோ?

இதற்கு மறுப்புகள் உண்டு. ஊன்றுகோலும் சக்கர நாற்காலியும் கிடைக்காதோர் பலர் இருக்க, குதிரை வளர்ப்பது செல்வர் விளையாட்டு என்பது முதல் மறுப்பு. இதில் உண்மை இல்லாமலில்லை. தீனியும் கொட்டிலும் பயிற்சி பெற்ற ஆட்களும் பெருஞ்செலவு தருவன. சக்கர நாற்காலியா குதிரையா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வரின், நாற்காலிக்கே முதலிடம். எனினும், ஏழைக்கு உணவும் மருந்தும் போதும், மகிழ்ச்சியும் பெருமிதமும் அவனுக்கு மிகை என்னும் எண்ணம் இதனுள் ஒளிந்திருப்பின் அதனை ஏற்பதற்கில்லை. தேவைகளின் பட்டியலில் மதிப்பைக் கடைசியில் எழுதுவோர், பெரும்பாலும் தாம் அதை முன்னரே பெற்றுவிட்டவர்களாக இருப்பர்.

விழுந்துவிட்டால் என் செய்வது என்பது இரண்டாவது மறுப்பு. தாய் எழுப்பும் இக்கேள்வியை எள்ளி நகையாட எவருக்கும் உரிமையில்லை. தலைக்கவசம், தேர்ந்த குதிரை, உடன் நடப்போர், மருத்துவர் ஒப்புதல் என எல்லாக் காவலும் வேண்டும். ஆயினும் இடரே இல்லாத வாழ்வை ஒருவருக்கு அமைத்துக் கொடுப்பது, அவரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதாகும். நம் பிள்ளைகள் மிதிவண்டி பழகும்போது முழங்கால் சிராய்ப்பதை வளர்ச்சியின் பங்கு என்கிறோம். அப்பங்கை உடற்பேறு குறைந்த பிள்ளைக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும்?

மூன்றாவது மறுப்பு குதிரையின் சார்பானது. அதுவே என்னை மிகவும் சிந்திக்க வைப்பது. மனிதரின் மதிப்பை உயர்த்தப் பேச்சற்ற உயிரின் முதுகைப் பயன்படுத்தலாமா? 1842 ஆம் ஆண்டில் தோன்றிய சிங்கப்பூர்ப் பந்தயக் கழகம் தன் கடைசிப் பந்தயத்தை 2024 ஆம் ஆண்டு அக்டோபர் 5 ஆம் நாள் நடத்தியது. ஓடும் வரை பொன்னாகக் கருதப்பட்ட குதிரை, ஓட்டம் நின்றபின் என்னாகும் என்னும் வினா அப்போது பலர் மனத்தில் எழுந்தது. பந்தயக் குதிரைகள் எல்லாம் இப்பணிக்கு ஏற்றவை அல்ல. அமைதியும் பொறுமையும் உடையவையே ஏற்றவை. குதிரையின் எடையில் ஐந்திலொரு பங்குக்கு மேற்பட்ட சுமையை ஏற்றலாகாது என்பர். உரிய ஓய்வும், மேய்ச்சலும், முதுமையில் காப்பும் வேண்டும். பயனுள்ள வரை மதிப்பு, பயன் தீர்ந்தால் புறக்கணிப்பு என்னும் அளவுகோலால் குதிரையை அளப்பவர், நாளை உடற்பேறு குறைந்த மனிதரையும் அதே கோலால் அளப்பார். ஆகவே குதிரைக்குச் செய்யும் அறமும் குழந்தைக்குச் செய்யும் அறமும் வேறு வேறல்ல. பயிற்சித் திடல்களில் குழந்தைகளைக் கொண்டே குதிரையைத் தடவித் துலக்கவும் தீனியிடவும் செய்வது இதனால்தான். எப்போதும் பிறர் பேணலைப் பெற்றே வாழ்ந்த கை, அங்கே பேணும் கையாகிறது.

நம் நாட்டில் நன்முயற்சிகள் இல்லாமலில்லை. 1984 ஆம் ஆண்டில் திரங்கானு மாநிலத்துப் பத்து ராக்கிட்டில் தொடங்கிய சமுதாய மறுவாழ்வுத் திட்டம் நாடெங்கும் பரவியது. 2008 ஆம் ஆண்டில் உடற்பேறு குறைந்தோர் சட்டம் இயற்றப்பட்டது. 2010 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை மலேசியா உறுதிப்படுத்தியது. தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன; லயங்கள் மறைந்தன. ஆனால் திண்ணை மறைந்ததா? அடுக்குமாடி வீட்டின் உள்ளறையில், தொலைக்காட்சியின் முன், அதே குழந்தை அமர்ந்திருக்கிறது. சட்டம் கதவைத் திறக்கலாம். கைப்பிடித்து வெளியே அழைத்துவர அயலார் வேண்டும். குதிரை இல்லாத ஊரிலும் இக்கொள்கையைக் கடைப்பிடிக்கலாம். நிகழ்ச்சியில் பங்கேற்க விருப்பமா என்று பெற்றோரைக் கேளாமல் அம்மாணவனையே கேட்பது, கடிவாளத்தை அவன் கையில் தருவதாகும். கேள்விக்கு அவன் விடை கூறும்வரை காத்திருப்பது, உடன் நடப்பதாகும்.

ஆசிரியத் தோழர்களுக்கும் மாணவச் செல்வங்களுக்கும் ஒரு விண்ணப்பம். அப்பழமொழியை நூல்களிலிருந்து நீக்கச் சொல்லவில்லை. மொழியின் வரலாற்றை அழித்தல் தகாது. அதனைக் கற்பிக்கும்போது, ஆசைப்பட்டவன் நகைப்புக்குரியவனா, ஏணி வைத்திருந்தும் கொடாதவன் நகைப்புக்குரியவனா என்னும் வினாவையும் சேர்த்தே கரும்பலகையில் எழுதுங்கள்.

அந்த மாணவன் ஆறாம் ஆண்டு முடித்து, குடும்பத்தோடு வேற்றூர் சென்றுவிட்டான். விடைபெற வந்த நாளிலும் தந்தையாரின் தோளிலேயே இருந்தான். வாயிலைத் தாண்டும்போது தந்தையார் இடப்பக்கம் திரும்ப, அவன் அவருடைய தலையைத் தொட்டு, மலைப்பக்கமாகப் போகலாம் என்று வலப்பக்கம் கைகாட்டினான். அவர் சற்று நின்றார். பின்னர் சிரித்துக்கொண்டே அவன் காட்டிய வழியே நடந்தார். எனக்கு விளங்காத பாடத்தை அவ்வேழைத் தந்தையார் அன்றே அறிந்திருந்தார்.